வலது காலுக்கு ஒரு பிரேக்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நட்டு போல்ட்டைப் பற்றி நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறது. என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லித் தருகிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர் உங்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போவது வேறொரு வேலைக்காக. விற்கிறவர் சொல்வதில் எது வண்டி, எது வெறும் வாய் என்று பிரித்துச் சொல்வதற்காக. மதுரையில் இருந்துகொண்டு அதை மட்டுமே ஆயுசு பூராவும் செய்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் விட்டேன்.

அதிலும் நான் அதிகம் பார்த்தவை இங்கிலாந்தில் செய்த பழைய பந்தய வண்டிகள். தார் ரோட்டுக்கு அல்ல, சேற்றிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டுவதற்கென்றே செய்தவை. ஸ்க்ராம்ப்ளர் என்பார்கள். ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, பின்னால் ஆள் உட்கார இடம் கிடையாது. கல்லில் இடிக்காதபடி சைலன்சர் குழாயைத் தூக்கி மேலே வைத்திருப்பார்கள். மலைத் தோட்டங்களில் இருந்த துரைமார்கள் விளையாட்டுக்காக இறக்கியவை, அவர்கள் போன பிறகு கைமாறிக் கைமாறி மலையிறங்கி நம் பக்கம் வந்து சேர்ந்தன. வண்டியோடு கூடவே ஒரு பேயும் வந்து சேரும். ஓட்டியவன் செத்துப்போனான், அன்றிலிருந்து தானாக உறுமுகிறது என்பார்கள். கதை பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும்.

பரவையில் ஒருவர் என்னிடம், காற்றடித்தால் தன் வண்டி பெண்குரலில் அழுகிறது என்றார். உண்மையாகவே அழுதது. பிறகு குனிந்து பார்த்தால், சைலன்சர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டி நடுவில் ஓட்டை விட்டிருந்தது. வேப்பங்குச்சியை விட்டு நெம்பினேன். அழுகை நின்றது. அவர் முகம் செத்துவிட்டது. "என்னண்ணே, நல்லா இருந்த பேயை வெரட்டி விட்டீங்க" என்றார். அன்றிலிருந்து எவன் பேய்க்கதை சொன்னாலும் முதலில் நான் குச்சியைத்தான் தேடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை குளவியாகத்தான் இருக்கும்.

இப்போது சொல்லப்போவது குச்சியோடு நான் போய், குச்சியை வெளியே எடுக்காமல் திரும்பிய கதை.

கார்த்தி என்று ஒரு பையன், மதுரையில் சொந்தமாகத் தொழில் வைத்திருப்பவன். பையன் என்று சொல்வது என் பழக்கம். கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருந்தது. பழைய வண்டிகளின் மேல் பைத்தியம். எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும் அவனுக்கு. ஒரு திருகாணி மாறியிருந்தாலும் சோறு இறங்காது. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஸ்க்ராம்ப்ளர் ஒன்று நிற்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு கோடைக் காலையில் என்னை அழைத்தான். அவன் தன் புது பைக்கில் முன்னால் போனான். நான் பின்னால், வண்டியை ஏற்றி வர வாடகைக்குப் பிடித்த குட்டியானை வேனில் உட்கார்ந்து, திருமங்கலம் வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். முதுகை மட்டுமல்ல, காலையும் பார்த்தேன். அது தொழில் புத்தி. பஸ் குறுக்கே வந்தாலும் நாய் குறுக்கே வந்தாலும் அவன் வலது கால் பிரேக்கில் போய் உட்காரும். எல்லோரும் அப்படித்தானே ஓட்டுகிறோம்.

வண்டிக்காரர் பெயர் தங்கராசு. என் வயதுதான் இருக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. தோட்டத்துக் கொட்டகையில், பருத்தி போட்டு வைக்கும் இடத்துக்கு நடுவில், ஒரு மரக்கட்டை மேல் வண்டியை ஏற்றி நிறுத்தியிருந்தார். பெட்ரோல் டேங்கில் சந்தனம், குங்குமம். பின்சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது; கொட்டகைக்குள் மட்டும் குளுமையாக இருந்தது.

"எங்கண்ணன் முத்துக்காளையோட வண்டி" என்றார் தங்கராசு. "வருசத்துக்கு ஒருக்கா அவன் தெவசத்தன்னைக்குப் படையல் போட்டு, பெட்ரோல் ஊத்தி, உச்சி நேரத்துல ஒரு நிமிசம் ஓட விடுவேன். கட்டை மேலயேதான் ஓடும். கீழ எறக்குனதே இல்ல."

நான் வழக்கப்படி குனிந்தேன். ஆள் எப்படிப்பட்டவன் என்று வண்டி தேய்ந்திருக்கிற இடங்கள் சொல்லும், உங்களுக்கும் போகப்போகத் தெரியும். முதலில் டயரைப் பார்த்தேன். பிற்காலத்தில் மாற்றியது. புது டயரில் ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அது நடுப்பட்டையில்கூட அப்படியே இருந்தது. ஆக, மனிதர் பொய் சொல்லவில்லை. இந்த டயர் மண்ணைத் தொட்டதே இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், லேசாகச் சுற்றியது.

பிறகுதான் பெடலைப் பார்த்தேன். பழைய இங்கிலீஷ் வண்டிகளில் கியர் வலது காலில் இருக்கும், பிரேக் இடது காலில் இருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். இந்த வண்டியில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். குறுக்கே ஒரு தண்டு கொடுத்து, கியரை இடது பக்கத்துக்கும் பிரேக்கை வலது பக்கத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல லேத் வேலை. எதையும் அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை, எல்லாம் போல்ட்டில்தான் நின்றது. கால் வழுக்காமல் இருக்க பிரேக் பெடலில் அரத்தால் பல் வெட்டியிருந்தார்கள். அந்தப் பல் நடுவில் மழுங்கிப் பளபளவென்று இருந்தது. நித்தம் ஒரு கால் பட்டால்தான் இரும்பு அப்படி ஆகும்.

டயரில் முடி இருக்கிறது. பெடலில் பல் இல்லை. ஒரே வண்டியில் இது இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது. எழுந்து நின்று, "இந்த மாத்து வேலை எப்பப் பண்ணுனதுண்ணே?" என்று கேட்டேன்.

"அவன் செத்ததுக்கப்புறம்."

"அப்ப ஆரு ஓட்டுனா?"

"ஆரும் ஓட்டலண்ணே."

"பெடலைப் புளி கிளி போட்டுத் தேய்ப்பீங்களோ?"

"வீட்டு வெளக்கையே நான் தேய்ச்சதில்ல, இதையா தேய்ப்பேன்" என்றார் தங்கராசு. விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அதற்குள் கார்த்திக்கு முகம் தொங்கிவிட்டது. சுவரில் ஆணியில் பழைய பெடலும் பழைய கியர் லீவரும் கம்பியில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அதைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது. "அண்ணே, ஒரிஜினல் இங்கயே இருக்கு. இதைக் கழட்டிட்டு அதை மாட்டிருங்க. மாட்டிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, இன்னைக்கே ஏத்திருவோம்" என்றான்.

"கழட்டுறதுன்னா விக்கல தம்பி" என்றார் தங்கராசு. பருத்தி மூட்டை மேல் உட்கார்ந்தார். பிறகு யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டில் அப்போது வேறொரு வண்டி இருந்ததாம். முத்துக்காளை ஓட்டக் கற்றது அதில்தான். கியர் இடது கால், பிரேக் வலது கால். பிறகு எங்கேயோ அலைந்து இந்த ஸ்க்ராம்ப்ளரை வாங்கி வந்தார். கண்மாய் வற்றிக் கிடந்த மாசத்தில் உள்ளே இறக்கி ஓட்டுவார். தம்பி கரையில் நின்று பார்ப்பார். ஒரு நாள் உச்சி வெயிலில், மண் அள்ளிய பள்ளம் ஒன்று முன்னால் வந்துவிட்டது.

"நான் பார்த்துக்கிட்டே நிக்கேன். வலது காலை மிதிக்கான். மிதிக்க மிதிக்க வண்டி நிக்கல. சத்தம் மாறுது, அம்புட்டுத்தான். கியர் மேல கியர் விழுகுது. மறுக்கா மிதிக்கான். பள்ளத்துக்குள்ள போற வரைக்கும் மிதிச்சுக்கிட்டேதான் போனான்." தங்கராசு தன் வலது காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொஞ்ச நாள்லயே கனவுல வர ஆரம்பிச்சான். அழுகுறதில்ல, திட்டுறதில்ல. தம்பி, காலு தேடுதுடா, பிரேக்கு கிடைக்கலடாங்கான். தெனம் இதே பேச்சு. அப்புறந்தான் திருமங்கலத்துல ஒரு பட்டறையில சொல்லி இதைச் செஞ்சேன். மாட்டுன அன்னைக்கு வரல. அதுக்கப்புறமும் வரல. ஆனா கிடைச்சிருச்சான்னு ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

அவர் வண்டியை விற்க நினைத்ததற்கும் காரணம் அதுதான். ஒரே மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தனக்குப் பிறகு வண்டி காயலான் கடைக்குப் போய்விடும், பெடல் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள், அண்ணன் கால் மறுபடி தேட ஆரம்பிக்கும் என்று பயந்தார். வண்டியைப் போற்றி வைத்துக்கொள்கிற ஒரு கை அவருக்கு வேண்டியிருந்தது.

கார்த்தி கெட்டவன் இல்லை. அவர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ரொம்பப் பணிவாகத்தான் பேசினான். "அண்ணே, நான் கண்ணு மாதிரி பார்த்துக்கிருவேன். ஆனா இந்த வண்டிக்குன்னு ஒரு முகம் இருக்குல்ல. அதை மாத்துனா அது உங்கண்ணன் ஆசைப்பட்டு வாங்குன வண்டியே இல்லண்ணே." இந்தக் கடைசி வார்த்தை தைத்துவிட்டது. தங்கராசு வண்டியை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். பிறகு, "சரி, கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி எல்லாம் என் கையில். என்னைக் கூட்டி வந்தவன் கார்த்தி. அவன் கேட்பதும் நியாயம். நாம் இத்தனை காலமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வதும் அதைத்தான், ஒரிஜினலை மாற்றாதே என்று. சொந்தக்காரரும் சரி என்றுவிட்டார். பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். வெளியே நிழல் காலடியில் சுருங்கி, வெயில் உச்சிக்கு நேராக நிற்கிற நேரம். தோட்டத்தில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

பெடல் கீழே அமுங்கியிருந்தது.

சற்று முன் நான் பார்த்தபோது மேலே இருந்தது. எனக்குக் கண் நல்ல கண். ஸ்பேனரை நட்டில் மாட்டியபடியே இடது கையால் பின்சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இறுகப் பிடித்திருந்தது. பெடலுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். துருப்பிடித்து இறுகிய இரும்பு கல் மாதிரி இருக்கும், கொஞ்சமும் இடம் கொடுக்காது. இது இடம் கொடுத்தது. கொடுத்துவிட்டு மறுபடி என் விரலைக் கீழே அழுத்தியது. நீங்கள் பிரேக்கில் காலை வைத்திருக்கும்போது யாராவது அடியிலிருந்து தூக்கினால் உங்கள் கால் என்ன செய்யுமோ, அதைச் செய்தது.

நட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். டக் என்று பெடல் மேலே வந்தது. சக்கரம் என் கை பட்டதும் லேசாகச் சுற்றியது.

"என்னாச்சுண்ணே?" என்றான் கார்த்தி.

"கிரீஸ் காஞ்சிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பயத்துக்கு நடுவிலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காலையில் ரோட்டில் நான் பார்த்த அந்த வலது கால். பழைய பெடலை மாட்டிவிட்டு இவனைக் கண்மாய்க்குள் அனுப்பினால், அவசரத்தில் அந்தக் கால் எங்கே போகும்? பதறும்போது கால் பழைய வீட்டுக்குத்தான் போகும். முத்துக்காளையின் கால் போன இடத்துக்கே இவன் காலும் போகும். அவன் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் நினைவுக்கு வந்தார்கள்.

ஸ்பேனரைப் பெட்டியில் போட்டு மூடினேன். "மாப்ள, ஓட்டணும்னா இப்படியே ஓட்டு. இல்ல, ஓட்டாத. ஓட்டிட்டு வந்ததுக்கப்புறம் கழட்டுறதைப் பத்திப் பேசுவோம்" என்றேன்.

"இதுக்கா அண்ணே உங்களைக் கூட்டியாந்தேன்?" அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இதுக்குத்தான்" என்றேன். என் கோபமும் அவன் கோபத்துக்குக் குறைந்ததில்லை. முறைத்துப் பார்த்துவிட்டு, ஓட்டுகிற ஆசையில் அவன் இறங்கி வந்தான்.

மூன்று பேருமாகக் கட்டையிலிருந்து வண்டியை இறக்கினோம். பெட்ரோல் ஊற்றி உதைத்ததும் இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. திறந்த குழாய்ச் சத்தம் அந்த மத்தியானத்தைக் கிழித்தது. "மடையைத் தாண்டிப் போகாத தம்பி, அங்கிட்டுத்தான் பள்ளம்" என்று தங்கராசு கத்திச் சொன்னார். கார்த்தி தலையாட்டிவிட்டுக் கரையேறி, கண்மாய்க்குள் இறங்கினான். சீமைக்கருவேலங் காட்டுக்குள் வண்டி மறைந்தது. பிறகு சத்தம் மட்டும்தான். தூரத்தில் போகும், திரும்பும், நெருங்கி வரும். மடைக்கு இந்தப் பக்கம்தான் சுற்றுகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. எனக்கு மூச்சு சீரானது.

அப்போது சத்தம் அறுந்து நின்றது. தேய்ந்து போய் நிற்கவில்லை. பேச்சின் நடுவில் ஒருவர் வாயைப் பொத்தினால் நிற்குமே, அப்படி நின்றது.

நான் ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். தங்கராசு ஓடி வரவில்லை. கரை மேல் நின்றுகொண்டு, முன்னொரு காலத்தில் நின்ற அதே இடம்தானோ என்னவோ, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளை விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது கார்த்தி வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் தரையில். ஹெல்மெட்டுக்குள் அவன் உதடு மட்டும் அசைந்தது. முன்சக்கரத்துக்கு முன்னால் தரை இல்லை. எதிர்ப் பக்கமாக லாரியை விட்டுப் புதிதாகச் சவுட்டு மண் அள்ளியிருக்கிறார்கள். தங்கராசுக்கே தெரியாத பள்ளம். இந்தப் பக்க விளிம்பு முழுக்கக் கருவேலம் மூடியிருந்தது. எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை தெரிந்தது.

பின்சக்கரம் இறுகி இழுத்துக்கொண்டு வந்த கோடு மண்ணில் நீளமாக இருந்தது. நான் அந்தக் கோட்டின் ஆரம்பத்துக்கே நடந்து போய்த் திரும்பி நின்று பார்த்தேன். அங்கிருந்து பள்ளம் தெரியவில்லை. முள்தான் தெரிந்தது. பள்ளம் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவன் அந்த இடத்தில் பிரேக் பிடிக்கக் காரணமே இல்லை.

"நல்ல வேளை, மிதிச்ச" என்றேன்.

"நான் மிதிக்கலண்ணே." அவன் குரல் குழந்தை மாதிரி இருந்தது. "பள்ளத்தையே வண்டி நின்னதுக்கப்புறந்தான் பார்த்தேன். வண்டி இழுக்குதேன்னு காலைக் கொண்டு போனா, பெடல் ஏற்கனவே கீழ போயிருச்சு."

நான் குளவியைத் தேடவில்லை. குச்சியையும் தேடவில்லை. வண்டியை இருவரும் பின்னால் இழுத்து, உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தோம். தங்கராசு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கார்த்தி என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னான். திக்கித் திக்கிச் சொன்னான். அவர் பள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அடிபட்டதா என்றும் கேட்கவில்லை.

"முழுசா அமுங்குச்சா?"

"அடி வரைக்கும்ண்ணே."

தங்கராசு கரை மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டை எடுத்து, முகத்தைத் துடைக்கவில்லை, பெடலைத் துடைத்தார். "கிடைச்சிருச்சுல்ல" என்றார். எங்களிடம் இல்லை. பிறகுதான் அழுதார். அண்ணன் செத்தபோது அழாமல் விட்டதையும் சேர்த்து அழுகிற மாதிரி இருந்தது. அழுது முடித்து எங்களைப் பார்த்து, "இனிமே கழட்டணும்னாலும் கழட்டிக்கிருங்க தம்பி. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

கார்த்தி கொட்டகைக்குள் போனான். ஆணியில் தொங்கிய ஒரிஜினல் பெடலையும் லீவரையும் எடுத்து ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டினான். "இது சாக்குக்குள்ளயே இருக்கட்டும்ண்ணே" என்றான். இன்றைக்கும் அவன் வீட்டில் அது சாக்குக்குள்ளேதான் இருக்கிறது. பழைய வண்டிக் கண்காட்சிகளில் வந்து பார்க்கிறவர்கள், மற்றதெல்லாம் சரி, பெடல்தான் தப்பு என்று மார்க்கைக் குறைத்துவிட்டுப் போகிறார்கள். அவனும் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரு மாற்றத்தைப் பார்த்ததும் தப்பு என்று ஸ்பேனரை எடுக்காதீர்கள். யார், யாருக்காகச் செய்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அன்று சாயங்காலம் குட்டியானையில் பலகை சாய்த்து வண்டியை ஏற்றினோம். பாதிப் பலகையில் நின்றுவிட்டது. டிரைவர் பின்னால் இருந்து தள்ளினார், நான் தள்ளினேன், கார்த்தி ஹேண்டிலைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. குனிந்து பார்த்தேன். பெடல் கீழே இருந்தது. அதன் மேல் யார் காலும் இல்லை. கார்த்தியும் பார்த்தான், பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

தங்கராசு எங்களை விலக்கிக்கொண்டு வந்து, அண்ணன் தோளில் வைக்கிற மாதிரி டேங்கில் கையை வைத்தார்.

"நான் நல்லாத்தாண்ணே இருக்கேன். நீ போயிட்டு வா" என்றார்.

டக் என்று பெடல் மேலே வந்தது.